கயிறு கட்டிய நாற்காலிகள்

அந்த வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சம் கிடையாது. கூடத்தில், நடையில், மாடிப்படி திரும்புகிற இடத்தில், பூட்டியே கிடக்கும் விருந்தாளி அறையில், எங்கே பார்த்தாலும் நாற்காலிதான். சிங்கக்கால் வைத்தது, முதுகில் பூங்கொத்து செதுக்கியது, வெல்வெட்டு தைத்தது, பிரம்பு பின்னியது, இரண்டு பேர் சண்டை போட்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்காரும்படி வளைத்துச் செய்தது. ஒவ்வொன்றிலும் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் குறுக்கே சணல் கயிறு கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தியிருக்கும். உட்கார வேண்டுமென்றால் சமையலறைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு முக்காலி உண்டு.

வீட்டுக்காரர் ஒரு காலத்தில் லாரிக்காரர். முதலில் சுமை தூக்கினார், பிறகு ஓட்டினார், பிறகு சொந்தமாக வாங்கினார், பிறகு அவருடைய லாரி போகாத ஊர் இல்லை என்று ஆயிற்று. அதையெல்லாம் விற்றுவிட்டு இப்போது சும்மா இருக்கிறார். சும்மா இருக்கிறார் என்றால் சாமான் வாங்குகிறார் என்று அர்த்தம். பழைய சாமான். பெரிய இடத்துச் சாமான். நொடித்துப்போன வீடுகளிலிருந்து வருகிற அலமாரி, கடிகாரம், பீங்கான் சாடி, சரவிளக்கு, மூன்றடுக்கு நிலைக்கண்ணாடி. தெருவில் அவருக்கு மியூசியம் என்று பெயர். அது அவர் காதுக்கும் வந்ததுதான். முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாதவன் பேச்சு நமக்கெதற்கு என்று விட்டுவிட்டார்.

யாரையும் நம்புகிற ஆள் இல்லை அவர். நம்பியிருந்தால் லாரித் தொழிலில் பிழைத்திருக்க முடியாது. ஏற்றின இடத்தில் இருந்த பெட்டி இறக்கின இடத்தில் இருக்கும், உள்ளே இருந்தது இருக்காது. அதனால்தான் அந்தக் காலத்திலேயே பெட்டிக்குப் பெட்டி கயிறு, கயிற்றுக்குக் கயிறு அரக்கு. கம்பெனியின் பித்தளை முத்திரையை யாரிடமும் கொடுக்க மாட்டார். லாரிகளை விற்றபோது எல்லாவற்றையும் கொடுத்தார், அதை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு விசேஷத்துக்கு வந்த மாப்பிள்ளை பிரம்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அதன் வயிற்றைக் கிழித்தானே, மறுநாளே முத்திரையை வெளியே எடுத்துவிட்டார். அன்றைக்குக் கட்டிய கயிறுதான்.

மழை பிடித்த பிடியாகப் பெய்துகொண்டிருந்தது. மழைக்காலம் வந்தாலே அவருக்குக் கவலை. ஈரக்காற்றில் மரம் ஊதும். இழுப்பறை இறுகும். ஒட்டிய மேல்பலகை ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆனால் அன்றைக்குக் கவலை மரத்தினால் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நாள். கூடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, கம்பி வைத்திருக்கிறார்கள்.

வருகிறாள் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. மகள் ஒரே பேச்சாகப் பேசிவிட்டாள்.

"அப்பா, டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீங்க. கீழ ரூம் வேணும். கட்டிலைச் சுத்தி ஆள் நிக்க எடம் வேணும். கைப்பிடி வண்டியைப் பிடிச்சு அம்மா நடக்க வழி வேணும். இதெல்லாம் இருந்தா உங்க வீடு. இல்லைன்னா அப்படியே காரைத் திருப்பி என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"என்ன உங்க வீடு எங்க வீடுன்னுட்டு. அவ வீடு இது."

"மத்தியானம் வந்து பாக்கறேன், அவங்க வீடா சாமான் வீடான்னு."

அதனால் காலையிலேயே பாலிஷ்காரரை வரச்சொல்லிவிட்டார். அவர் மரச்சாமானுக்கு மெருகு போட அந்த வீட்டுக்கு நெடுங்காலமாக வந்து போகிற ஆள். வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கிண்டல் இருக்கும். கையில் ஸ்பிரிட் வாடை இருக்கும். லாரிக்காரர் அவருக்கு வேலை கொடுப்பார், சாவி கொடுக்க மாட்டார்.

கூடத்தை ஒட்டிய கீழறையைக் காலி செய்வதென்று முடிவு. அந்த அறையில் ஒரு ஆளுயரக் கண்ணாடி அலமாரி, அது நிறையப் பீங்கான். பக்கத்தில் நின்ற வாக்கில் நாலைந்து பெரிய கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி சொல்லும். நடுவில் பூ வேலை செய்த வட்ட மேசை. சுவரோரம் இழுப்பறைப் பெட்டி. கட்டில் போட இடம் கேட்டால் கட்டிலே சிரித்துவிடும்.

"மொதலாளி, இதைத் தூக்கி எங்க வெக்கறது?"

"கூடத்துல."

"கூடத்துல இருக்கறதை?"

"நடையில."

"நடையில இருக்கறதை?"

லாரிக்காரர் யோசித்தார். "மாடிக்கு ஏத்த முடியாதா?"

"ஏத்தலாம். மாடியில இருக்கறதைக் கீழ எறக்கிட்டு ஏத்தலாம்."

"யோவ், வெளாட்டுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?"

"நான் எங்க வெளாடறேன். சாமான்தான் வெளாடுது. பின்னாடி கொட்டகையில போட்டா என்ன?"

"ஒழுகும்."

"தார்ப்பாய் போட்டு மூடிடலாம்."

"மூடினா புழுங்கும். பூசணம் பிடிக்கும்."

"அந்தப் பழைய சாமான் வியாபாரிகிட்ட கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கச் சொல்லலாம். பெரிய குடோன் வெச்சிருக்கான். அம்மா நடக்கற வரைக்கும்தானே."

"அவன்கிட்டயா? நாலு கால்ல ரெண்டு கால் வேற காலா திரும்பி வரும். கேட்டா, எப்பவும் இப்படித்தான் இருந்துதுன்னு சத்தியம் பண்ணுவான்."

பாலிஷ்காரர் மேசையைச் சாய்த்துப் பிடித்தார். லாரிக்காரர் மறுபக்கம் பிடித்தார். வயசானாலும் தூக்குகிற வித்தை உடம்பை விட்டுப் போகவில்லை. முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து எழுந்தார். கதவு நிலையில் இடிக்காமல் மேசையைத் திருப்பிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதை வைக்க நாற்காலி ஒன்றை நகர்த்த வேண்டியிருந்தது. நாற்காலியை வைக்க விளக்குத் தூணை நகர்த்த வேண்டியிருந்தது. உச்சிப்பொழுது வரைக்கும் இதே கதைதான். சாமான் நகர்ந்துகொண்டே இருந்தது, இடம் மட்டும் வரவில்லை. கடிகாரங்களை அசைத்ததில் ஒன்று நின்றுபோயிற்று, இன்னொன்று கேட்காமலே மணியடித்துக்கொண்டிருந்தது.

பாலிஷ்காரர் தரையில் சம்மணம் போட்டு, கொண்டுவந்த பன்னை டீயில் நனைத்துத் தின்றார். லாரிக்காரர் முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"இந்த வீட்ல நான் பாலிஷ் போடாத நாற்காலி இல்ல மொதலாளி. உக்காராத நாற்காலியும் இல்லைன்னு சொல்லிக்க ஆசைதான்."

"நானே உக்காந்ததில்ல."

"அதான் பாக்கறேன். நாற்காலிக்காரரு முக்காலியில உக்காந்திருக்கீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்பாக இருந்தது. தூக்கின களைப்பு மட்டும் இல்லை. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து வீட்டில் ஒரு வேளை ஒழுங்கான சாப்பாடு இல்லை. வேலைக்காரம்மாவையும் அவர்தான் நிறுத்திவிட்டார்.

"எல்லாம் அவளால வந்தது," என்றார். "தரையை எண்ணெய்த் துணி போட்டுத் தொடைச்சு வழுக்க வெச்சுட்டா. இவ விழுந்துட்டா."

"யாரு, அந்தம்மாவா?" பாலிஷ்காரர் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அந்தம்மா தொடைச்சா தொடைச்ச மாதிரியே தெரியாதே. வழுக்கற அளவுக்கு எங்க தொடைக்கப் போவுது? அம்மாவே சொன்னாங்களா, வழுக்குச்சுன்னு?"

"அவ என்ன சொன்னா. தரை வழுக்குச்சான்னு கேட்டேன். விழுந்துட்டேன், விடுங்கன்னா. வேலைக்காரியைக் காட்டிக் குடுக்க மனசில்ல அவளுக்கு."

பாலிஷ்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு இழுப்பறைப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார்.

கார் வந்தபோது கீழறையில் ஒரு கட்டில் போட்டிருந்தது. அது மட்டும்தான் நடந்திருந்தது. கால்மாட்டுப் பக்கமாக மட்டும் கட்டிலில் ஏறலாம். வாசலிலிருந்து அறைக்கு ஒரு பாதை இருந்தது, சரக்கு ஏற்றின லாரிக்குள் ஆள் ஊர்ந்து போகிற மாதிரிப் பாதை. லாரிக்காரருக்கு அது அகலமாகத்தான் பட்டது. வாழ்நாள் பூராவும் அந்த மாதிரிப் பாதையில் நடந்தவர்.

மகள் குடையைப் பிடித்தாள். மனைவி அலுமினியக் கைப்பிடி வண்டியை ஊன்றி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இருந்த உடம்பில் பாதிதான் இருந்தது. முகம் வெளிறியிருந்தது. கூடத்துக்குள் கொஞ்ச தூரம் வந்ததும் வண்டியின் ஒரு கால் மேசைக்காலில் மாட்டிக்கொண்டது. மகள் அதை எடுத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் போனதும் இழுப்பறைப் பெட்டியில் இடித்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை.

மகள் கத்துவாள் என்று லாரிக்காரர் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

"இதுதான் காலி பண்ணின லட்சணமா அப்பா?"

"அந்தப் பெட்டியை இப்ப நகத்திடுவான். யோவ், பிடிய்யா."

"எங்க நகத்துவீங்க?"

பாலிஷ்காரர் பெட்டிமேல் கையை வைத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கொஞ்சம் உக்காரணும்," என்றாள் மனைவி. சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"இரும்மா, கார்ல பிளாஸ்டிக் நாற்காலி வெச்சிருக்கேன், எடுத்துட்டு வந்துடறேன்." மகள் மழையில் இறங்கி ஓடினாள்.

லாரிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவிக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி இருந்தது. கருங்காலி. முதுகில் மயில். அந்த வீட்டுக்கு முதன்முதலில் வந்த நாற்காலி அதுதான். சுமை தூக்கின காலத்தில் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்யப் போனார். மாடிக்கும் வாசலுக்குமாக ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, ஒரு நிமிஷம் அதில் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்காரர் பார்த்தார். இவர் எழுந்ததும், கையிலிருந்த செய்தித்தாளை விரித்து, உட்கார்ந்த இடத்தின் மேல் போட்டுவிட்டு உள்ளே போனார். ரொம்ப வருஷம் கழித்து அந்த வீடு ஏலத்துக்கு வந்தபோது இவர் வேறு எதையும் பார்க்கவில்லை, நேரே போய் அதன்மேல் கையை வைத்தார். வாங்கி வந்து வைத்தவர், உட்காரவில்லை. ஏன் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்போது அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அரக்கு பொடிப்பொடியாக உடைந்து தரையில் சிவப்பாகச் சிதறியது.

"உக்காரு," என்றார் லாரிக்காரர்.

மனைவி நாற்காலியைப் பார்த்தாள். தரையில் கிடந்த அரக்குத் தூளைப் பார்த்தாள்.

"வேணாங்க. முட்டிக்குக் கீழ போற நாற்காலியில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வெச்ச கம்பி வெலகிடுமாம்."

"கொஞ்ச நேரம்தானே. நான்தானே சொல்றேன், உக்காரு."

"அன்னைக்கு உக்காந்திருக்கலாம். அன்னைக்கு இடுப்பு நல்லாத்தான் இருந்துது."

"என்னைக்கு?"

"விழுந்த அன்னைக்குத்தான். இதே நாற்காலிதான்."

வெளியே கார் டிக்கியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். சண்டை போடுகிற குரல் இல்லை அது. எங்கேயோ நடந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"கூடத்துல வரும்போது தலை சுத்துச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. இதோட கையைப் பிடிச்சேன். உக்காரலாம்னா கயிறு. கயிறைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அவுத்துப்போட்டு உக்கார வேண்டியதுதானே?"

"அரக்கு ஒடையும்ல."

"ஒடைஞ்சா ஒடையுது."

"இப்ப சொல்றீங்க. அந்தப் பிரம்பு நாற்காலி அரக்கு ஒடைஞ்சுதுன்னு எத்தனை நாள் எங்கூடப் பேசாம இருந்தீங்க? நான் உக்காந்துட்டேன்னுதானே. அப்புறம் பூனை பண்ணின வேலைன்னு தெரிஞ்சுது. தெரிஞ்ச பொறவும் பேசல."

அவர் அரக்குத் தூளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"சரி, தரையில உக்காந்துடலாம்னு நெனச்சேன். தரைக்குப் போறதுக்குள்ள விழுந்துட்டேன்."

"இதை ஏன் நீ சொல்லவேயில்ல?"

"தரை வழுக்குச்சான்னு கேட்டீங்க. ஏன் விழுந்தேன்னு எங்க கேட்டீங்க? வேலைக்காரம்மாவைக் கூப்பிட்டு வேலைக்கு வரச் சொல்லுங்க. பாவம், அது வீட்டுக்காரனும் படுத்துக் கெடக்கறான்."

மகள் நனைந்த தலையோடு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். உயரமான வெள்ளை நாற்காலி, தெருவில் டீக்கடையில் கிடக்கிற சாதி. மயிலுக்கும் சிங்கக்காலுக்கும் நடுவில் அது பளிச்சென்று இருந்தது. மகளும் பாலிஷ்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்க, மனைவி மெள்ள உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்துக்குக் கொஞ்சம் ரத்தம் வந்தது. தண்ணீர் கேட்டாள். லாரிக்காரர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். தம்ளர் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

குடித்து முடித்துவிட்டு மகளைப் பார்த்தாள். "போலாம்."

"நீ எங்க போற?" என்றார் லாரிக்காரர்.

"அவ வீட்டுக்கு. நடக்க முடிஞ்சதும் வர்றேன்."

"நாளைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"எடுக்க மாட்டீங்க. எடுத்தாலும் தூங்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?" குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலை போலிருந்திருக்கும். அலுப்புதான் இருந்தது. "நான் ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா?"

"சொல்லு."

"எனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கி வைங்க. புதுசா. கடையில விக்கற புது நாற்காலி. யாரும் செத்துப்போன வீட்டுது வேணாம்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. மறுபடியும் குடை, மறுபடியும் ஒவ்வொரு அடியாக. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாலிஷ்காரர் துடைப்பத்தை எடுத்து அரக்குத் தூளைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே கேட்டார்.

"திரும்ப அரக்கு வெச்சுடலாமா மொதலாளி?"

"போய்யா, வீட்டுக்குப் போ," என்றார் லாரிக்காரர். கொஞ்சம் பொறுத்து, "போற வழியில வேலைக்காரம்மா வீட்டுல சொல்லிட்டுப் போ. வரச் சொன்னேன்னு சொல்லு. அம்மா வரச் சொன்னாங்கன்னு சொல்லாதே. நான் சொன்னேன்னு சொல்லு."

அவர் போன பிறகு லாரிக்காரர் கருங்காலி நாற்காலியின் முன்னால் நின்றார். கயிறு அவிழ்ந்து அதன் ஒரு கையில் தொங்கியது. உட்கார்ந்தார். முதுகில் மயிலின் அலகு சரியாகத் தோள்பட்டைக்கு நடுவில் குத்தியது. நகர்ந்து பார்த்தார். எப்படி நகர்ந்தாலும் குத்தியது. அந்தக் காலத்தில் குத்தினதா என்று நினைத்துப் பார்த்தார். ஞாபகம் இல்லை. செய்தித்தாள்தான் ஞாபகம் இருந்தது. எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

புது நாற்காலிக் கடைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. எல்லா நாற்காலியும் பிளாஸ்டிக் உறை போட்டு, பஞ்சும் பசையும் நாறிக்கொண்டு நின்றன. ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் மூட்டைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். இன்னொன்றைக் கவிழ்த்தார். பத்திருபது கவிழ்த்தபின் கடையில் வேலை பார்க்கிற பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன சார் தேடறீங்க?"

"இது மரமே இல்லையேம்மா. தூளைப் போட்டு அழுத்தி வெச்சிருக்கான்."

"எல்லாமே இப்ப அப்படித்தான் சார் வருது. அஞ்சு வருஷம் கேரண்டி இருக்கு."

"அஞ்சு வருஷமா." அவருடைய வீட்டில் இருப்பதெல்லாம் யார் யாரையோ புதைத்துவிட்டு வந்தவை. "போதும், போதும். அஞ்சு வருஷம் போதும்."

"யாருக்கு சார்?"

"வீட்டுக்காரிக்கு. இடுப்புல ஆபரேஷன். தாழ இருக்கக் கூடாதாம்."

"முட்டி வரைக்கும் என்ன உயரம் இருப்பாங்க சார்? அதை விடக் கொஞ்சம் ஒசத்தியாப் பாக்கணும்."

லாரிக்காரர் கையைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கொஞ்சம் தாழ்த்தினார். மறுபடி உயர்த்தினார். வீட்டில் கிடக்கிற ஒவ்வொரு நாற்காலியின் காலும் எத்தனை அங்குலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"தெரியலைம்மா," என்றார்.

அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டாள். உயரமான முதுகு, உருண்டைக் கை, சாம்பல் நிறத் துணி. பார்க்க ஒன்றும் இல்லாத நாற்காலி. "இது அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் சார் அதிகம் போவுது. உக்காந்து பாருங்க."

அவர் உடனே உட்காரவில்லை. கண் பாட்டுக்கு இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் போயிற்று. ஒன்றும் கட்டியிருக்கவில்லை. உட்கார்ந்தார். காலையிலிருந்து தூக்கின முதுகு அதில் போய்ச் சேர்ந்தது. எங்கேயும் குத்தவில்லை.

"எப்படி சார் இருக்கு?"

"எனக்குச் சொல்லத் தெரியலைம்மா. கவிழ்த்துப் பாத்தா சொல்லிடுவேன்."

அவள் சிரித்தாள். "எந்திரிச்சுப் பாருங்க. சிரமம் இல்லாம எந்திரிக்க வருதான்னுதான் பாக்கணும்."

அவர் இரண்டு கையையும் ஊன்றினார். ஒரு பக்க இடுப்பில் கம்பி இருக்கிறதென்று வைத்துக்கொண்டு, அந்தக் காலை நீட்டிக்கொண்டு எழப் பார்த்தார். எழ முடிந்தது. மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார்.

"இதையே குடுத்துடும்மா."

"சரி சார். மழை விட்டதும் வண்டியில அனுப்பிடறோம். நெறைய பேர் வந்து போற எடம், அதுவரைக்கும் யாரும் உக்காராம இருக்க, குறுக்க ஒரு கயிறு கட்டி வெச்சுடறேன்."

லாரிக்காரர் தலையை ஆட்டினார்.

"கயிறெல்லாம் வேணாம்மா," என்றார். "யாராச்சும் வந்தா உக்காந்துட்டுப் போவட்டும்."

சொல்லிவிட்டு அவரே மறுபடி அதில் உட்கார்ந்தார். மழை விடுகிற மாதிரி இல்லை.